நெல்லைச் சீமையில் ஒரு கொலை எழுதுவது எப்படி

படித்துறையில் ஒரு பிணம், தூரத்தில் கோயில் கோபுரம், அரிவாளோடு ஓடும் ஒருவன். நெல்லையை வைத்து எழுதும் கிரைம் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். தப்பில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் போலீஸ் கமிஷனர் சேரன்மகாதேவியில் ஜீப்பை விட்டு இறங்கும்போதுதான் உள்ளூர் வாசகன் புத்தகத்தை மூடி வைக்கிறான். சேரன்மகாதேவி கமிஷனருடைய எல்லையே இல்லை.

மாத நாவல்களையும் ஒற்றர் கதைகளையும் விரட்டி விரட்டிப் படித்தவர்கள் ஒரு நாள் தாமே எழுத உட்காருவார்கள். அவர்களுக்கான குறிப்புகள் இவை. துரத்தலும் துப்பாக்கியும் எல்லோருக்கும் எழுத வரும். நம் ஊர்க் கொலை வழக்கில் உண்மையான பரபரப்பு காகிதத்தில் இருக்கிறது: எந்தத் தாள், எத்தனை மணிக்கு, யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதில். அதைப் பிடித்துவிட்டால் பாதிக் கதை தானாக நகரும்.

எந்த ஸ்டேஷன்?

முதல் வரி எழுதுமுன் பிணம் கிடக்கும் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர், பெருமாள்புரம், ஹைகிரவுண்ட் எல்லாம் மாநகரம். அங்கே மேலே இருப்பவர் ஆணையர், அவருக்குக் கீழே துணை ஆணையர், உதவி ஆணையர் (ஏ.சி.). முன்னீர்பள்ளம், மானூர், தாழையூத்து, சீவலப்பேரி, நாங்குநேரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம் எல்லாம் மாவட்டக் காவல். அங்கே எஸ்.பி., அவருக்குக் கீழே டி.எஸ்.பி. மாநகரத்தில் டி.எஸ்.பி. வந்தாலும் கிராமத்தில் ஏ.சி. வந்தாலும் கதை நொண்டும்.

இந்த எல்லைக்கோடு வெறும் விவரம்தானே என்று விட வேண்டாம். குண்டர் சட்டத்தில் ஒருவனை உள்ளே வைக்க மாநகரத்தில் ஆணையர் உத்தரவிடுவார், மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவிடுவார். ஆக ஒரே ரவுடி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிடிபட்டால் ஒரு மேசை, அந்தப் பக்கம் பிடிபட்டால் வேறு மேசை. அந்தத் தடுப்புக் காவல் அதிகபட்சம் 12 மாதம். அதை உடைக்க ஆட்கொணர்வு மனுவோடு போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலைக்கு முன்னால் நடக்கிற கதையென்றால் சென்னைக்கே ரயில் ஏற வேண்டும்.

எல்லை தாண்டிய புகாரையும் எந்த ஸ்டேஷனும் வாங்கிப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பூஜ்ய எஃப்.ஐ.ஆர். என்பார்கள். "இது எங்க லிமிட் இல்ல" என்று விரட்டுகிற காட்சியைத் தாராளமாக எழுதலாம். ஆனால் அது தவறு என்று ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தண்டவாளத்தில் கிடக்கும் உடல் ரயில்வே போலீசாருடைய பொறுப்பு. ஆர்.பி.எஃப். என்கிற ரயில்வே பாதுகாப்புப் படை வேறு துறை, கொலை வழக்கு அவர்களிடம் போகாது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019 நவம்பரில். 1990இல் நடக்கிற கதையில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று பலகை எழுதினால் தப்பு. அன்றைக்குப் பெயர் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 2005 கதையில் 108 ஆம்புலன்ஸ் வராது, அது 2008இல்தான் வந்தது. கொலைக்கு 302 என்று எழுதிப் பழகிய கை, 2024 ஜூலை 1க்குப் பிந்தைய சம்பவமென்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1) என்று எழுத வேண்டும். அதற்கு முதல் நாள் நடந்த கொலைக்கு இன்றைக்கும் 302தான். ஜூன் 30 நள்ளிரவை ஒட்டிச் செத்தவன் எப்போது செத்தான் என்று இரண்டு வக்கீல்கள் மல்லுக்கு நிற்பதை இன்னும் யாரும் எழுதக் காணோம். எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல், வெயில், தண்ணீர்

"உடல் சில்லிட்டிருந்தது." எல்லாத் துப்பறியும் கதையிலும் வரும் வரி. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். உயிருள்ள உடம்பின் சூடே 37தான். வெளியே அதைவிடச் சூடாக இருக்கும்போது பிணம் எங்கே சில்லிடும்? உடல் வெப்பத்தை வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிடும் முறை அங்கே உதவாது. மார்கழி விடியலில் படித்துறைக் கல்லில் கிடக்கும் உடலுக்கு அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

விறைப்பு கண்ணிமையிலும் தாடையிலும் முதலில் தெரியும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பிடிக்கும். வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விடும். கோடையில் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் வலது அடிவயிற்றில் பச்சை நிறம் தட்ட ஆரம்பிக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர்கூட 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்' என்றுதான் சொல்வார். "நேற்றிரவு சரியாகப் பதினொன்று இருபது" என்று பிரேதத்தைத் தொட்டுச் சொல்லும் டாக்டர் ஜோசியம் பார்க்கப் போகலாம்.

இதைவிட நல்ல துப்பு ரத்தத் தேக்கம். இதயம் நின்றதும் ரத்தம் உடம்பின் தாழ்ந்த பக்கத்தில் இறங்கிக் கருஞ்சிவப்பாகத் தங்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மெல்ல மெல்ல அந்த இடத்திலேயே நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் உடலில் நெஞ்சுப் பக்கம் கறை இருந்தால், முதலில் குப்புறக் கிடந்திருக்கிறது, பிறகு யாரோ புரட்டியிருக்கிறார்கள் அல்லது வேறிடத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நம் எழுத்தாளர்கள் அந்தக் கறையைப் பார்த்ததும் "உடல் நீலம் பாரித்திருந்தது, விஷம்தான்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆற்றில் போட்ட உடல் என்றால் தாமிரபரணியைக் கொஞ்சம் படிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்குகிற ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அம்பாசமுத்திரத்தில் போட்ட பிணம் மறுநாள் காலை கொக்கிரகுளம் பாலத்தடியில் மிதக்க வேண்டுமென்றால் வழியிலுள்ள அத்தனை அணைக்கட்டையும் அது ஏறித் தாண்ட வேண்டும். பெருவெள்ளம் இல்லாமல் நடக்காது. நகருக்குள் போட்டது கீழே சீவலப்பேரியில் சிற்றாறு கலக்கும் இடம் தாண்டி மருதூர் வரை போகலாம், நடுவில் அமலைச்செடியில் சிக்கி நிற்கவும் செய்யலாம். ஸ்ரீவைகுண்டம் வரை போய்விட்டால் உடல் தூத்துக்குடி மாவட்டத்துச் சொத்து. காணாமல் போன புகார் மாநகர ஆணையரிடம், அடையாளம் தெரியாத பிரேதம் பக்கத்து மாவட்ட எஸ்.பி.யிடம்.

முழுகிய உடல் கோடையில் ஏறத்தாழ ஒரு நாளில் மிதக்கும், குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஆகலாம். முழுகிச் செத்தானா, செத்தபின் போட்டார்களா என்று பார்க்க எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்கிற நுண்பாசியைத் தேடுவார்கள். அந்தச் சோதனைக்கு உடல் கிடந்த இடத்துத் தண்ணீரும் ஒரு பாட்டிலில் போக வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அந்த பாட்டிலை எடுக்க மறந்த இன்ஸ்பெக்டர் ஒரு நல்ல கதாபாத்திரம்.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

கதையின் முதுகெலும்பு இதுதான். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு படித்துறை என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் மணிகளை உங்கள் கதைக்கு ஏற்ப மாற்றலாம், வரிசையை மாற்றக் கூடாது.

காலை 6.10. குளிக்க வந்தவர் உடலைப் பார்க்கிறார். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்கிறார். அவர் தலையாரியோடு வந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் எழுத்துப் புகார் கொடுக்கிறார். 7.00க்கு எஃப்.ஐ.ஆர். எதனால் சாவு என்று தெரியாவிட்டால் முதலில் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில், அதாவது பழைய நடைமுறைச் சட்டத்தின் 174இல், சந்தேக மரணம் என்றுதான் பதிவாகும். பிரேதப் பரிசோதனையில் கொலை என்று வந்தபின் சட்டப்பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை போகும். முதல் பக்கத்திலேயே 'கொலை வழக்குப் பதிவு' என்று எழுதினால் இந்த அழகான திருப்பம் வீணாகிவிடும்.

அந்த எஃப்.ஐ.ஆரின் ஒரு பிரதி உடனடியாக நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். ஒரு காவலர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று பேச்சு. நடுவர் வாங்கியதும் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். இந்தக் கையெழுத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எஃப்.ஐ.ஆரில் நேரம் காலை 7.00. நடுவரின் கையெழுத்துக்குக் கீழே மாலை 4.40. ஸ்டேஷனிலிருந்து நீதிமன்றம் நடந்தே போகிற தூரம். ஒன்பது மணி நாற்பது நிமிட நேரம் அந்தத் தாள் எங்கே இருந்தது? "நடுவில் யோசித்து, பெயர் சேர்த்து, முன்தேதி மாதிரி முன்மணி போட்டு எழுதியிருக்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார். பிரதியைக் கொண்டுபோன காவலர் கூண்டில் ஏறி, வழியில் பைக் பஞ்சர் ஆனதென்பார். எந்தக் கடையில் ஒட்டினீர்கள் என்பது அடுத்த கேள்வி. நான்கு பக்கம் எழுதலாம். துப்பாக்கி தேவைப்படாது.

8.00 மணிக்கு இன்ஸ்பெக்டர் சம்பவ இடத்தில். கொலை வழக்கை விசாரிப்பவர் பெரும்பாலும் அவர்தான். உதவி ஆய்வாளர் பதிவார், ஆய்வாளர் எடுத்துக்கொள்வார். பட்டியல் இனத்தவர் மீதான வன்கொடுமை என்று சட்டப்பிரிவு சேர்ந்தால் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைச் சொல்லும் குறிப்பு, எழுதுவார்கள், மாதிரி வரைபடம் போடுவார்கள், இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். ரத்தக்கறை படிந்த மண் ஒரு பொட்டலம், பக்கத்திலேயே கறை படியாத சாதா மண் ஒரு பொட்டலம். இந்த இரண்டாவது பொட்டலத்தைப் பல எழுத்தாளர்கள் அறிந்ததே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எடுப்பது அது. இரண்டும் கைப்பற்றிய பொருளுக்கான படிவமான பாரம் 95இல் நீதிமன்றம் போய், அங்கிருந்து ஆய்வகம் போகும். வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் நெல்லையிலேயே இருக்கிறது.

மோப்ப நாயும் வரும். 'சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை' என்று மறுநாள் பேப்பரில் வருமே, அதுதான் பெரும்பாலும் நடப்பது. நாய் கொலையாளியின் வீட்டு வாசலில் போய்க் குரைக்கும் கதைகளை நாய்கூட நம்பாது.

10.00 மணிக்குப் பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை. பிறகு ஒரு காவலர் துணையோடு, டாக்டருக்கான கடிதத்தோடு, உடல் ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும். இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் உள்ள பெண்ணென்றால் கோட்டாட்சியர் விசாரணை தனியாக உண்டு. சாயந்திரம் உடல் போய்ச் சேர்ந்தால் பரிசோதனை மறுநாள் காலைதான். வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது, ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களுக்குப் பொதுவாக விலக்கு. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வெடிக்கும்போதுதான் வேறு கணக்கு. நள்ளிரவில் ஒற்றை பல்புக்குக் கீழே டாக்டர் அறுக்கும் காட்சியை வைக்க ஆசையிருந்தால், வாசலில் ஊரே மறியலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விஷச் சந்தேகமென்றால் உள்ளுறுப்புகள் எடுப்பார்கள்: இரைப்பை அதிலுள்ளவற்றோடு, சிறுகுடலில் 30 சென்டிமீட்டர் அளவு, ஈரலில் 500 கிராம், ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பாதி. அவை கெடாமலிருக்க ஜாடியில் ஊற்றுவது என்னவோ பெரிய ரசாயனம் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் நிறைவுற்ற உப்புக் கரைசல். உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்குப் போட்டுக் கலக்கிய தண்ணீர். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்புவார்கள். அழுகும்போது வரும் வாயுவுக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் மூடி தெறிக்கும். அதே கரைசல் கொஞ்சம் தனி பாட்டிலில் சீல் வைத்துக் கூடவே போகும், உப்பிலேயே விஷம் இருந்ததா என்ற கேள்வி வராமலிருக்க. முடிவு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அதுவரை உங்கள் துப்பறிவாளர் வேறு வேலை பார்க்கட்டும். விஷத்தின் அளவையும் தயாரிப்பையும் கதையில் எழுதாதீர்கள். வாசகனுக்கு ஜாடி போதும்.

வாக்குமூலம்

இங்கேதான் பெரும்பாலான கதைகள் கவிழ்கின்றன. லாக்கப்பில் நாலு அடி, குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், கதை முடிந்தது. நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலம் செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23.

செல்லுபடியாகும் ஒரே ஒரு துண்டு உண்டு. "அரிவாளை கருவக்காட்டுல கிணத்துக்குப் பக்கம் புதைச்சேன், கூட்டிட்டுப் போனா காட்டுதேன்" என்று அவன் சொல்லி, அதன்படி போய் அரிவாள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராக இட்டுச்சென்ற வார்த்தைகள் மட்டும் சாட்சியம் ஆகும். "அதாலதான் வெட்டுனேன்" என்ற அடுத்த வரி ஆகாது. வாக்குமூலத்தில் ஏற்புடைய பகுதியை மட்டும் அடிக்கோடிட்டுப் பிரிப்பார்கள். பழைய வழக்குகளில் இதற்கு 27ஆம் பிரிவு என்று பெயர். வக்கீல்கள் வாயில் இன்னும் 'ட்வென்ட்டி செவன் ரெக்கவரி'தான்.

கதாசிரியருக்கு இது தங்கச் சுரங்கம். அரிவாள் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் கிடந்ததா? போலீசுக்கு முன்பே தெரியுமா? மகஜர் சாட்சி நிஜமாகவே அங்கே நின்றாரா, ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்துப் போட்டாரா? அவர் கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று பிறழ்சாட்சி ஆனால் என்ன மிச்சம்? இன்னொரு வழி, குற்றவாளி நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொண்டான் என்று காட்டுவது. தமிழ்நாட்டுத் தீர்ப்புகளில் இந்த வி.ஏ.ஓ. அடிக்கடி வருவார். முன்பின் தெரியாத அதிகாரியிடம் கொலைகாரன் ஏன் போய் மனம் திறந்தான் என்று நீதிபதிகளும் அதே அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

கைதானவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் தனி. போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். புதிய சட்டத்தில் அதைப் பிரித்துப் பிரித்தும் கேட்கலாம். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை. எண்பத்தொன்பதாம் நாள் சாயந்திரம் ஆய்வக அறிக்கைக்காக ஸ்டேஷன் ரைட்டர் காத்திருப்பதைவிடப் பெரிய வெடிகுண்டு எதுவும் நம் கதைகளில் டிக் டிக் என்று ஓடியதில்லை.

போன், கேமரா, சாலை

சுருக்கமாகச் சில. அழைப்புப் பட்டியலில் யார் யாரை எப்போது அழைத்தார் என்றுதான் இருக்கும், பேசியது இருக்காது. நிறுவனங்கள் இரண்டு ஆண்டுவரை வைத்திருக்க வேண்டும். டவர் காட்டும் இடம் வீட்டு வாசல் கிடையாது. ராதாபுரம் பக்கத்துக் காட்டில் ஒரு டவர் பல கிலோமீட்டரைக் கவனிக்கும். கடை கேமராவின் பதிவு இரண்டு வாரமோ ஒரு மாதமோ போனால் தன்மேலேயே எழுதிவிடும். கேமராவின் கடிகாரம் தப்பாக ஓடும், அதனால் பதிவு நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும்போதே குறிக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிற்க சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பென் டிரைவை நீட்டியதும் நீதிபதி திரை போட்டுப் பார்ப்பது சினிமாவில்தான்.

தப்பியோடுகிறவனை பாபநாசம் மலை வழியாகக் கேரளாவுக்கு காரில் அனுப்பாதீர்கள். அப்படியொரு சாலை கிடையாது. மேலே அணை, காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி. வண்டியில் போகிறவனுக்கு செங்கோட்டை வழியாக ஆரியங்காவு, அல்லது நாகர்கோவில் வழியாகக் களியக்காவிளை.

ரயிலும் நேரமும் எப்படிக் கதையாகும் என்பதற்கு நம் ஊர் வரலாறே சாட்சி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது, அவருடைய ரயில் பெட்டி சிலோன் போட் மெயிலுக்காகக் காத்து நின்ற அந்தச் சில நிமிடங்களில். இணைப்பு ரயில் இல்லாத நிலையமென்றால் அந்த இடைவெளியே கிடையாது. வாஞ்சிநாதன் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். மிச்ச விசாரணை அவர் சட்டைப் பையிலிருந்த கடிதத்திலிருந்து விரிந்தது.

ஒற்றர் கதைக்கு

உளவுக் கதை எழுத டெல்லிக்கும் இஸ்தான்புல்லுக்கும் ஓட வேண்டாம். நெல்லைக்குத் தெற்கே ஒரு நாள் பைக் ஓட்டத்துக்குள் மூன்று இடங்கள்: கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பொதுவெளியில் உள்ளதை மட்டும் வைத்தே போதுமான கதை வரும். வாசலில் போய்ப் படம் எடுக்காதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் 1923இலிருந்து உயிரோடு இருக்கிறது.

கட்டபொம்மன் 1990இலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிற தளம். சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் நுழைந்ததும் செத்துவிடும். மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சில மீட்டர் முதல் இருபது மீட்டர்வரை இறங்கும். 15 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 20 கிலோமீட்டர். அதை அனுப்ப வானுயர்ந்த கோபுரங்களும் பரந்த வெளியும் வேண்டும். அதனால் மூன்று பிழைகள் தானாகவே நீங்கும். சூட்கேஸுக்குள் இந்த அனுப்பியை வைத்து எவனும் ஓட முடியாது. நீர்மூழ்கி அதே வழியில் பதில் சொல்ல முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். படமோ வீடியோவோ போகாது, மெல்ல மெல்லச் சில எழுத்துகள் போகும். பதில் பேச முடியாத ஒருவனுக்கு வரும் பொய்ச் செய்தி என்ற ஒரு வரி போதும், முழு நாவல் எழுதலாம்.

கூடங்குளத்தில் 'உலைக்குள் வைரஸ், மெல்ட் டவுன்' என்று எழுதுமுன் 2019இல் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பரில் ஒரு கணினியில் தீம்பொருள் இருப்பது தெரிய வந்து, அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான இணையத்தில் இணைந்த கணினி, உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து துண்டிக்கப்பட்டது என்றார்கள். ஆக ஒற்றனுக்கு அங்கே கிடைக்கக்கூடியது சிவப்பு பட்டன் இல்லை. யார் எந்த ஷிப்ட், யாருக்கு எவ்வளவு கடன், எந்த ஒப்பந்தக்காரர் அடுத்த மாதம் வருகிறார் என்ற காகிதங்கள். உளவு வேலைக்கு அதுதான் ருசி.

மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் இஞ்சின் சோதிப்பார்கள். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்ஸிஜன் மைனஸ் 183. அந்தத் தொழில்நுட்பத்தை ஒரு சுருள் வரைபடத்தில் திருடிவிட முடியுமென்று எழுதினால், 1994இல் திருவனந்தபுரத்தில் ஜோடிக்கப்பட்ட இஸ்ரோ உளவு வழக்கின் அதே பிழையைச் செய்கிறீர்கள். சி.பி.ஐ. அதைப் பொய் வழக்கு என்று முடித்தது. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது.

'ரா' அதிகாரி வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் விலங்கு மாட்டும் காட்சியை அடித்துவிடுங்கள். ராவுக்கும் ஐ.பி.க்கும் கைது அதிகாரம் இல்லை. தகவல் அவர்களுடையது, விலங்கு வேறொருவருடையது: மாநிலத்தின் கியூ பிரிவு, உள்ளூர் ஸ்டேஷன், 2008க்குப் பின் என்.ஐ.ஏ. உளவு அதிகாரி டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, விவரம் முழுதாகத் தெரியாத ஓர் இன்ஸ்பெக்டர் கைது செய்கிறார். இருவருக்கும் நடுவே உள்ள அந்த எரிச்சலை எழுதுங்கள். அலுவல் ரகசிய வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, அரசின் அதிகாரம் பெற்றவர் முறையீடு செய்ய வேண்டும். அதற்குள் கோப்பு எத்தனை மேசை நகரும் என்பது உங்கள் வில்லனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

கடற்கரைக் கதையென்றால் தேதி பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே மாத இரவில் ட்ராலர் கூட்டத்துக்குள் ஒளிய முடியாது. உவரியிலும் இடிந்தகரையிலும் அப்போது கடலில் இருப்பது ஃபைபர் வள்ளம்.

அரிவாளும் பேச்சும்

எல்லா அரிவாளும் ஒன்றில்லை. கதிர் அறுப்பதில் கருக்கு, அதாவது பல், இருக்கும். அது இழுத்து அறுக்கும், ஓங்கி வெட்டாது. பனையேறிகளின் பாளையரிவாள் மெல்லிய கூர். எலும்பை வெட்டி உள்ளே இறங்குவது கனமான வெட்டரிவாள். காயத்தைப் பார்த்து ஆயுதத்தை டாக்டர் சொல்வார், ஆயுதத்தைக் காட்டி 'இதனால் ஆகுமா' என்று அரசு வக்கீல் கேட்பார். அப்போது நீங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிய காயம் பொருந்த வேண்டும். 2021 செப்டம்பரில் அரிவாள் வாங்குவோர் விவரத்தைப் பதிந்து வைக்கும்படி பட்டறைக்காரர்களுக்குக் காவல்துறை சொன்னது. இன்றைய கதையில் கொல்லுப்பட்டறை நோட்டு ஒரு துப்பு.

பேச்சில் 'ஏலே' போட்டுவிட்டால் நெல்லை வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். 'லே' தன்னைவிடச் சின்னவனுக்கு, அல்லது நெருக்கத்துக்கு, அல்லது சண்டைக்கு. சம வயசு ஆணுக்கு 'வே'. மரியாதைக்கு 'அண்ணாச்சி'. ஸ்டேஷனில் தலைமைக் காவலர் 'ஏட்டையா', அதற்கு மேலே எல்லோரும் 'ஐயா'. மற்றபடி ஊர் தெரிவது வினைச்சொல்லின் வாலில்தான்: சொல்லுதேன், பாக்கேன், நிக்கான், வந்தாவ.

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி கடைய எப்ப அடைச்சிய?"

"பத்து மணிக்குல்லா அடைச்சேன் ஏட்டையா."

"பொறவு யாரும் வந்தாவளா?"

"ஒருத்தன் வந்து கதவத் தட்டி பீடி கேட்டான். இல்லன்னுட்டேன். காலெல்லாம் ஈரம். மழையும் இல்ல, ஒண்ணுமில்ல, இவன் எங்க போயி நனைஞ்சான்னு அப்பமே நெனச்சேன்."

இந்த நடையையும் நடைமுறையையும் கற்றுக்கொள்ள நாவல் படிப்பதைவிடத் தீர்ப்புகள் படியுங்கள். மதுரைக் கிளையின் கொலை மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். நெல்லை செஷன்ஸ் வழக்கிலிருந்து போனவையாகப் பத்து எடுங்கள், ஐந்து தண்டனை உறுதியானது, ஐந்து விடுதலையானது. விடுதலையான ஐந்தை இரண்டு முறை படியுங்கள். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, என்ன சொன்னார், அ.சா.5 ஏன் பிறழ்ந்தார், எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தாளில் மணி வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டுமென்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை தவிர மற்றவற்றின் அமைப்பைக் காவல்துறைத் தளத்திலேயே பார்க்கலாம். அமைப்பை மட்டும் எடுங்கள். பெயர், ஊர், சாதி, தெரு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அந்தத் தாளில் இருப்பவர்களின் வீடு இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது.